துலைக்குப் போகிற பிள்ளையை எங்கே என்று கேட்டவர்கள்

வெள்ளவத்தை,
கொழும்பு.
1957 மாசி, செவ்வாய்க்கிழமை, பொழுதுபடும் நேரம்.

பெருமதிப்புக்குரிய பெரியையா தில்லைநாதன் அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் தம்பி மகன் அப்புத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இக்கடிதம் வட்டக்கச்சிக்கு வந்து சேரும்போது சூடடிப்பு முடிந்து, பன்றியும் யானையும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், மிச்ச நெல் வீட்டுக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் நோவும் சிவப்பு மாட்டின் கழுத்துப் புண்ணும் குறைந்திருக்க வேண்டும். இங்கே நானும் பெரியம்மாவும் சுகம். உங்கள் மகள் தங்கச்சி விமலேஸ்வரி இன்று மத்தியானம் லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எதையும் பாதி வாசித்துவிட்டுக் கோபிக்கிறவர்.

கிளிநொச்சி ஸ்டேசனில் என்னைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “பயணம் மூண்டு தரம் தடைப்பட்டால் பிள்ளையை அடுத்த ரயிலிலை திருப்பிக் கொண்டு வா. பிறகு நேர்சும் இல்லை, லண்டனும் இல்லை. ஆவணிக்குள்ளை பூநகரிச் சம்பந்தத்தை முடிப்பம்” என்றீர்கள். அதோடு, விமான நிலையம் என்றால் எப்படியிருக்கும், போகிறவர்களுக்கு அங்கே என்ன நடக்கும், உலகத்தில் மற்ற விமான நிலையங்களும் அப்படித்தானா என்று ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நான் பணக்காரருக்கு எதிரி என்பது உங்களுக்குத் தெரியும். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு அடுத்தவன் வயலில் உழவு மெசின் ஓட்டுகிறவன் வேறு யாருக்கு எதிரியாக இருப்பான்? அந்த இடத்தைப் பார்த்து நன்றாக ஏச வேண்டும் என்று வசனங்களைக்கூட ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். ஏச முடியவில்லை பெரியையா. அந்த வசனங்கள் அப்படியே இருக்கின்றன, எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பாவிக்கலாம்.

வந்த வில்லங்கம் விமான நிலையத்தால் வந்ததல்ல, எங்களால் வந்தது. எங்கள் பக்கத்தில் பயணம் வெளிக்கிட்டு நிற்கிறவரைப் பார்த்து ‘எங்கை போறியள்’ என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பயணம் பிழைக்கும் என்று வைத்திருக்கிறோம். ‘துலைக்கே’ என்று தூரத்தை மட்டும் கேட்போம். ‘ஓம், கொஞ்சம் துலைக்குத்தான்’ என்று பதில் வரும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராமல் இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிந்து போவோம். தவறி ஒருவன் ‘எங்கை’ என்று வாய் விட்டுவிட்டால் அது ஒரு தடை, திரும்பி வந்து, இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, மறுபடி வெளிக்கிட வேண்டும். இந்தச் சட்டம் யாழ்ப்பாணத்திலும் செல்லும், வவுனியா வரைக்கும் செல்லும். அதற்குத் தெற்கே செல்லாது என்பதை நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அதைவிட, உலகத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்று ஆட்களைச் சம்பளத்துக்கு இருத்தியிருக்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது விமான நிலையம்தான் என்பதை எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் சொல்லவில்லை.

வாடகைக் காரில் ஏறும்போதே எனக்கு யோசனை. எங்கே என்று கேளாமல் கார் ஓட்ட எந்தச் சாரதியாலும் முடியாது. ஆகவே அந்த மனிதன் தலையைத் திருப்ப முன்னமே “இரத்மலானை, இரத்மலானை, விமான நிலையம்” என்று நான் கத்தினேன். அவன் பயந்துபோய் வழியில் எங்கும் ஒரு கதையும் கதைக்கவில்லை. பெரியம்மா என்னைத் தட்டிக்கொடுத்து, “உன்னை இண்டைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவினவனாப் பாக்கிறன்” என்றா. விமலா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள், எலுமிச்சங்காய் ஊறுகாய். சீலைகள் அவற்றுக்கிடையில் பொருள் உடையாமல் இருக்க வைத்த வைக்கோல் மாதிரி இருந்தன.

வாசலில் சீருடை போட்ட ஒரு பெரியவர் பெட்டியை வாங்க ஓடிவந்தார். முகம் நிறையச் சிரிப்பு. “கொஹேத யன்னே?” என்று சிங்களத்தில் அதே கேள்வியைக் கேட்டார். “என்னடா கேக்கிறார்?” என்று பெரியம்மா கேட்டா. “சுகமோ எண்டு கேக்கிறார், பெரியம்மா” என்றேன். “நல்ல மனிசன். சுகமெண்டு சொல்லு” என்றா. நான் சொன்னது பொய்யுமல்ல. அந்தச் சனம் தெருவில் தெரிந்தவனைக் கண்டால் சுகம் விசாரிக்கிறதற்குப் பதிலாக அதைத்தான் கேட்கும். அவர்களுடைய உபசாரம் எங்களுக்கு அபசகுனம். நாட்டுக்கு ஒரு பாசை போதுமென்று போன வருசம் பாராளுமன்றத்தில் கை உயர்த்தியவர்கள் இந்த ஒரு கேள்வியை முதலில் தீர்த்திருக்கலாம்.

உள்ளே போனோம். பெரியையா, அங்கே கதிரைகள் இருக்கின்றன. கதிரையில் என்ன புதினம் என்று கேட்பீர்கள். அங்கே கதிரையில் இருக்கிறதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, அதுதான் புதினம். எங்கள் அரசாங்கக் கச்சேரியில் கதிரை கிளாக்கருக்கு, வாங்குப்பலகை ஊர் விதானைக்கு, நிலம் எங்களுக்கு. எங்களூரில் சில பேருக்கு அந்த நிலமும் முற்றத்தோடு சரி, அது உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரனுக்குப் பக்கத்துக் கதிரையில் வெறுங்காலோடு நான் இருந்தேன். ஒருவரும் என்னை எழும்பச் சொல்லவில்லை. எழும்பச் சொல்லுவார்கள் என்று நான் நெடுநேரம் காத்திருந்தது வீணாய்ப் போனது. நிலம் எங்கள் குசினியை விடத் துப்புரவு. சனம் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறது, இடிக்கவில்லை, ‘நான் இன்னாருடைய ஆள்’ என்று முன்னால் போய் நிற்க எவனும் வரவில்லை.

முதல் மேசையில் தராசு. இதைப் பற்றி நான் ஒரு தனிக் கடிதமே எழுதலாம். எங்கள் நெல்லை நிறுக்கிற களஞ்சியத்தில் தராசின் முகம் நிறுக்கிறவனைப் பார்த்து இருக்கும், முதுகு எங்களைப் பார்த்து இருக்கும். அவன் சொல்லுவதுதான் நிறை. இரத்மலானையில் தராசின் முகம் பெட்டிக்காரரைப் பார்த்து இருக்கிறது. முள் ஆடி நின்ற பிறகுதான் எழுதுகிறார்கள். நான் குனிந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதுதான் பிழை. மேசைக்குப் பின்னால் நின்ற பெண்பிள்ளை விமலாவைப் பார்த்து இங்கிலீசில் என்னவோ கேட்டது. “என்னடா கேக்கிறா?” என்றா பெரியம்மா. தராசிலிருந்து கண்ணெடுக்காமல், “எங்கை போறியள் எண்டு கேக்கிறா” என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

பெரியம்மா அப்படியே நின்றா. “அவா கேட்டது எனக்கு விளங்காத பாசை. அதுக்குக் குற்றமில்லை. நீயெல்லோடா பாவி தமிழிலை கேட்டனி” என்றா. “நான் கேக்கேல்லைப் பெரியம்மா, மொழிபெயர்த்தனான்.” “மொழிபெயர்த்தாப் போலை? வாய் உன்ரை வாய்தானே?” பெட்டி தராசிலேயே நிற்க, பெரியம்மா எங்கள் இரண்டு பேரையும் பின்னால் வாங்குக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினா. மேசைப் பிள்ளை திகைத்துப் போய்ப் பெட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தது. ஆனால் ஏசவில்லை பெரியையா. எங்கள் தபாற்கந்தோரில் முத்திரையைக் கையில் வாங்கிப்போட்டு ஒரு நிமிசம் யோசித்துப் பாருங்கள், என்ன பேச்சு விழும்?

தண்ணீர் எங்கே எடுப்பது என்று நான் தேட, அதே வாங்கில் இருந்த ஒரு மனிசி, கழுத்தில் செபமாலை, ஒரு போத்தலை நீட்டினா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த றோசம்மா. மகள் ஞானமலரும் விமலாவோடு அதே ஆஸ்பத்திரிக்கு, அதே படிப்புக்குப் போகிறாள். பெரியம்மா போத்தலைப் பார்த்தா, றோசம்மாவின் கையைப் பார்த்தா. கரைப் பக்கத்து மீன்பிடிகாரர் வீட்டில் பெரியம்மா வாய் நனைக்கமாட்டா என்பதை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள், றோசம்மாவும் பார்த்த உடனே அறிந்துகொண்டா. “குடியுங்கோ, தங்கச்சி. கோயிலிலை மந்திரிச்ச தண்ணி” என்றா. “உங்கடை கோயிலோ?” “ஓம், எங்கடை மாதா கோயில்.” பெரியம்மா ஒரு கணம் கணக்குப் பார்த்தா. மகளின் பயணம் ஒரு பக்கம், இருபது வருச ஆசாரம் மறுபக்கம். தராசின் முகம் எங்களைப் பார்த்து இருந்தபடியால் முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. “தீர்த்தம்தானே. தீர்த்தத்துக்கு என்ன ஊரும் பேரும்” என்று வாங்கி அண்ணாந்து குடித்து, விமலாவுக்கும் கொடுத்தா. நான் எத்தனை கூட்டத்தில் எத்தனை பேச்சுக் கேட்டும் நடவாத காரியம், ஒரு விமான நிலைய வாங்கில் ஒரு மிடறில் நடந்தது.

அதற்குப் பிறகு பெட்டியின் பாரம் கூடிப்போனதைச் சொன்னார்கள். எதை எடுப்பது என்று விமலாவிடமே விட்டார்கள். அவள் இரண்டு சீலையை எடுத்து என்னிடம் தந்துவிட்டு மிளகாய்த்தூளைத் திருப்பி வைத்தாள். சுங்க மேசையில் ஒரு இளம் உத்தியோகத்தர் ஒடியல் மாவை மணந்து பார்த்து, தும்மி, இது மருந்தா என்று கேட்டு, கடைசியில் பெட்டி மூடியில் வெண்கட்டியால் ஒரு நீட்டுக் கோடு இழுத்தார். பார்த்து முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளமாம். பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “மற்ற ரண்டு கோட்டையும் போடச் சொல்லு” என்றா. நான் வெட்கத்தில் வேறு பக்கம் பார்த்தேன். ஆனால் அந்த மனிதன், என்னிடம் விசயம் என்னவென்று கேட்டறிந்து, சிரித்து, மற்ற இரண்டு கோட்டையும் ஒரே அளவில் இழுத்துவிட்டார். ஆகவே உங்கள் மகளின் பெட்டி அரசாங்கச் செலவில் திருநீறு பூசிக்கொண்டு லண்டனுக்குப் போகிறது. நான் உத்தியோகத்தர்களைப் பற்றி இதுவரை பேசியதில் ஒரு வசனத்தை, ஒன்றை மட்டும், திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

பாஸ்போட் மேசைக்கு மேல் பெயர்ப்பலகையில் மயில்வாகனம் என்று இருந்தது. பெரியம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. “எங்கடை பிள்ளை. இவருக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை” என்று முன்னால் போய் நின்றா. எங்கடை பிள்ளை பாஸ்போட்டைப் பிரித்து, தலையை நிமிர்த்தாமல், நல்ல தமிழில், தெளிவாக, “எங்கை போறியள்?” என்றார்.

“தம்பிக்கு எந்த ஊர்?” என்று பெரியம்மா கேட்டா. குரல் மெதுவாகத்தான் இருந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நெடுங்கேணி, அம்மா.”

“நெடுங்கேணி. அங்கை தாய் தேப்பன் இருக்கினமோ?”

“ஓம்.”

“நீர் கொழும்புக்கு வெளிக்கிடேக்கை அவை உம்மை எப்பிடிக் கேட்டவை?”

மயில்வாகனம் பேனையை வைத்துவிட்டு முதல் தடவையாகப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். காது சிவந்தது. மறுபடி பாஸ்போட்டை மூடி, மறுபடி திறந்து, “பிள்ளை, துலைக்கே?” என்று கேட்டார்.

“ஓம், கொஞ்சம் துலைக்குத்தான்” என்றாள் விமலா.

“சரி” என்று சொல்லி, படிவத்தில் லண்டன் என்று எழுதி, முத்திரையைக் குத்தினார். வரிசையில் நின்ற ஒரு கொழும்புத் துரை, இதென்ன புதுச் சட்டமோ என்று இங்கிலீசில் முணுமுணுத்தார். பழைய சட்டம் என்று நான் தமிழில் சொன்னேன்.

பெரியம்மா அங்கேயே நின்று அவரை விசாரித்தா. “வழியிலை வேறை எங்கையும் இறக்குவினமோ, தம்பி?” “பம்பாய், கராச்சி, கெய்ரோ, ரோம், பிறகு லண்டன், அம்மா.” “அங்கையும் உப்பிடிக் கேப்பினமோ?” “உலகத்திலை எந்தப் பெரிய விமான நிலையத்துக்குப் போனாலும் நாலு காரியம்தான் அம்மா. நிறுப்பினம், கேப்பினம், குத்துவினம், இருத்துவினம். இருத்திறதுதான் கூட நேரம்.” பெரியம்மா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “அவ்வளவு தண்ணிக்கு எங்கை போறது” என்றா. அப்போதுதான் விமலா வாய் திறந்தாள். “அம்மா, நான் நேர்சானால் கட்டிலிலை கிடக்கிற ஒவ்வொரு வருத்தக்காரனும் கேப்பான், எங்கை போறீர் நேர்ஸ் எண்டு. ஒவ்வொருக்காலும் நான் திரும்பிவந்து தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தால் ஆர் மருந்து கட்டிறது?” மயில்வாகனம் சிரிப்பை அடக்க முத்திரையை இன்னொருக்கால் வெறுந்தாளில் குத்தினார். பிறகு ஒரு நல்ல வழி சொன்னார். மேசைக்குப் போனவுடன் ரிக்கற்றையும் பாஸ்போட்டையும் அவர்கள் வாய் திறக்க முன்னம் நீட்டிவிட வேண்டுமாம். எழுத்தில் பார்த்துவிட்டால் கேட்கமாட்டார்களாம். பெரியம்மா அதை ஏற்றுக்கொண்டா, ஆனால் இவருடைய கேள்வியையும் சேர்த்து இரண்டு தடை என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவைத்தா. திரும்பி வந்து இருந்து குடித்தது இம்முறை தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோப்பை, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை. எங்கள் சந்தைத் தேத்தண்ணிக் கடையில் சாதியைச் சொல்லி வீரகத்திக்கு இன்னும் போத்தலில்தான் ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் அங்கே கிளாசில் குடிக்கிறீர்கள், நானும் குடிக்கிறேன். ஒரு பெரிய பரிசாரகன் வந்து எனக்கும் றோசம்மாவுக்கும் அந்தக் கொழும்புத் துரைக்கும் ஒரே தட்டத்திலிருந்து எடுத்து வைத்தான். யார் நீ என்று கேட்கவில்லை. சீனி எத்தனை என்றுதான் கேட்டான்.

பிறகு ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ‘மிஸ் விமலேஸ்வரி தில்லைநாதன்’ என்று முழுப் பெயரையும், சற்றே முறித்து, ஆனால் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். உங்கள் பெயரும் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது பெரியையா. எங்கள் ஆஸ்பத்திரியில் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை நான் எழுதவில்லை. பெரியம்மா எழும்பி நின்று சீலையைச் சரிபண்ணினா, தன்னைக் கூப்பிட்ட மாதிரி. எங்களை ஒரு தடுப்புக்கம்பி வரைக்கும்தான் போக விட்டார்கள். அங்கே இரண்டு கதவு. விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதில் ஆண்களின் கழிப்பிடக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். “எங்கையடி போறாய்?” என்று பெரியம்மா கத்தினா.

விமலா கதவில் கைவைத்தபடி நின்றாள். றோசம்மா செபமாலையைப் பிடித்தா. மூன்று. உங்கள் கணக்குப்படி அடுத்த ரயில், ஆவணி, பூநகரி. விமலா என்னைப் பார்த்தாள். வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்கு மூன்று வருசம் நடந்து போய்ப் படித்த பிள்ளை, தங்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டுவதற்கு அத்தனை பேரிடம் அனுமதி கேட்ட பிள்ளை, ஒரு கேள்விக்காகத் திரும்பி வரப் போகிறாள் என்று நினைக்க எனக்கு வந்த கோபத்தில் நான் கம்பியைத் தாண்டியிருப்பேன். ஆனால் பெரியம்மா முந்திக்கொண்டா. “அது கேள்வி இல்லை. ஏச்சு” என்றா, எல்லோருக்கும் கேட்க. “நான் பெத்த பிள்ளையை நான் ஏசினனான். ஏச்சுக்குச் சகுனம் பாக்கிறதில்லை. மற்றக் கதவாலை போ.” ஆகவே பெரியையா, சட்டப்படி தடை இரண்டுதான். உங்கள் கட்டளையை நான் மீறவில்லை.

விமானத்தைப் பற்றி நான் என்ன எழுத? நாலு எஞ்சின். ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலத் தொடங்கி, நாலும் ஒரே சுருதிக்கு வந்தபோது என் நெஞ்சு எலும்பில் அந்த அதிர்வு கேட்டது. நான் ஓட்டுகிற உழவு மெசினை ஒவ்வொரு காலையும் பிள்ளைத்தாச்சி மாதிரித் தடவி எழுப்ப வேண்டியிருக்கிறது. அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு அது ஓடி, தென்னைகளுக்கு மேலால் எழும்பிப் போனபோது நான் கை தட்டினேன் என்று பெரியம்மா சொல்லுகிறா. எனக்கு ஞாபகம் இல்லை. இவ்வளவையும் கட்டுகிற மனிசருக்கு எங்கள் கொலனிக்கு ஒரு பஸ் ஒழுங்காக விட முடியவில்லை என்பதை நான் நம்பவில்லை. முடியும், மனமில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்ட ஆளில்லாமல் சனம் வரிசையில் இருந்து ஈ ஓட்டுகிறது. எங்கள் பிள்ளை மருந்து கட்டக் கடல் கடந்து போகிறாள். இதில் யார் பிழை என்று எழுதத் தொடங்கினால் தாள் காணாது. ஆனால் ஒன்று, ஏழை பணக்காரன், மேல் கீழ் என்று பாராமல் மனிசரை நடத்த முடியும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். இனி எவனும் வந்து எனக்கு ‘உது நடவாத காரியம், தம்பி’ என்று சொல்ல முடியாது.

நாளை இரவு ரயிலில் நானும் பெரியம்மாவும் வெளிக்கிடுகிறோம். மாடுகளுக்குத் தவிடு போடச் சொல்லவும். சின்னராசா என் மெசினில் கை வைக்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும், கிணற்றடியில் விசாரிப்பவர்களுக்கும், விசாரியாமல் ஒட்டுக்கேட்பவர்களுக்கும் எங்கள் அன்பு உரித்தாகட்டும். உங்கள் பாதங்களில் விழுந்து வணங்கும்,

அப்புத்துரை.

பி.கு. வியாழக்கிழமை. பெரியையா, விமலா விமானம் ஏறிவிட்டாள் என்று மேலே எழுதினேன். ஏறினது உண்மை. மேலே உள்ளதை எழுதி முடித்துக் கடித உறையைத் தேடும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. விமானக் கம்பனி ஆள், கையில் விமலா எழுதிய துண்டுக் கடிதம். ஒரு எஞ்சின் சூடேறியதால் கடலுக்கு மேலிருந்து திரும்பிவிட்டார்களாம். எல்லோரையும் கம்பனி செலவில் கடற்கரை ஓட்டலில் விட்டிருக்கிறார்களாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம். போனோம். விமலாவும் ஞானமலரும் பெரியம்மாவும் றோசம்மாவும் ஒரு அறையில். குழாயில் வெந்நீர் வருகிறதென்று பெரியம்மா இரண்டு தரம் தோய்ந்தா.

இனி நான் சொல்லப் போவது எனக்கு வெட்கம். சகுனத்தைச் சிரிக்கிற நான்தான் அன்றைக்கு ஓட்டல் விறாந்தையில் பெரியம்மாவைத் தனியே கூப்பிட்டு, “பெரியையா மூண்டு தரமெண்டு சொன்னவர். விமானமே திரும்பி வந்திட்டுது. இது மூண்டோ நாலோ தெரியேல்லை. கூட்டிக்கொண்டு போவமோ?” என்று கேட்டேன். பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை உங்களைப் பார்க்கிற பார்வை. “பிழையெண்டு கண்டவுடனை திரும்பி வந்து, இருந்து, எண்ணெயோ தண்ணியோ குடிச்சுப்போட்டு, ஆறுதலா வெளிக்கிடுது. அந்த ஓட்டிக்குத் தெரியிற முறை உனக்குத் தெரியேல்லை. இதைவிட நல்ல விமானம் எங்கையடா கிடைக்கும்?” என்றா. உங்களுக்குத் தந்தி அடிப்போமா என்று கேட்டேன். “தந்தி கெதியாப் போயிடும். அவர் நிண்ட நிலையிலை வந்திடுவார். கடிதமாப் போடு, அவள் ஏறின பிறகு போடு” என்றா. அதனால்தான் இது பிந்தி வருகிறது, நாங்களும் பிந்தித்தான் வருவோம். கோபம் என்றால் என்னோடு மட்டும் கோபியுங்கள். பெரியம்மாவோடு கோபித்துப் பலன் இல்லை என்பதை நேற்று அறிந்துகொண்டேன்.

நேற்றுப் பின்னேரம் அதே தடுப்புக்கம்பியில் விமலா நின்றாள். இம்முறை அழவில்லை. பெரியம்மா அவளுடைய நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டு, “போ” என்றா. அவ்வளவுதான். ‘போ’ என்று மட்டும். போய்விட்டு வா என்று சொல்லாமல் நாங்கள் ஒருவரையும் அனுப்புவதில்லை. “போட்டு வா எண்டு சொல்லுங்கோ, பெரியம்மா” என்று கத்தினேன். “போட்டு வா, விமலா, போட்டு வா” என்று நான் கம்பியில் தொங்கிக்கொண்டு கத்த, வெள்ளைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டு, விமானம் கண்ணுக்கு மறைந்த பிறகு சொன்னா:

“வாறதும் வராததும் அவளின்ரை விருப்பம், அப்பு. எனக்கு ஒருத்தரும் ஒருக்காலும் போ எண்டு சொன்னதில்லை.”